குருவியை மறைக்கும் கை

வலது கையை இடது அக்குளில் செருகிக்கொண்டு, இடது கையால்தான் நஸரேனா கோயில் கதவைத் திறக்கிறாள். சாவி ஒரு சாண் நீளம். பூட்டுக்கு அதைவிட நீளமான பிடிவாதம். இரண்டு கையும் போட்டாலே மூச்சு வாங்கும். இருந்தும், வாசலில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி நிற்கிறாள் என்றால் அந்த வலது கை எதற்காகவும் வெளியே வராது. இறந்துபோன புருஷனின் பழுப்புக் கோட்டுக்குள், கம்பளிச் சட்டையின் மடிப்பில், அடைக்கு வைத்த முட்டை மாதிரி அது கிடக்கும். "குளிர்ந்த கைய வச்சா பாலன் முழிச்சுக்குவான்" என்பாள், யாரும் கேட்காமலே.

உள்ளே இடப்பக்கச் சுவரில், சிறு பீடத்துக்கு மேலே, பலகையில் தீட்டிய மாதா படம். கொள்ளைநோய்க் காலத்துப் படம் என்பார்கள். மாதாவின் மடியில் பாலன். பாலனின் பிடிக்குள் ஒரு குருவி. நஸரேனா முதலில் விளக்கைப் போடுவாள். முழங்காலைத் திட்டிக்கொண்டே பீடத்தின் படியில் ஏறுவாள். சூடேறிய உள்ளங்கையை எடுத்துக் குருவியின் மேல் பொத்துவாள். பொத்திய பிறகுதான், திரும்பிப் பார்க்காமலே, "ம், வா" என்று குரல் கொடுப்பாள். வாசலில் நிற்பவள் வருவாள், மாதாவின் முகத்தைப் பார்த்து வேண்டிக்கொள்வாள், சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டு விரல் நுனியை முத்தமிடுவாள், வந்த வழியே போவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே கை எடுபடும்.

பியேவெகூபா என்ற அந்த மலையூரில் பிள்ளை சுமப்பவள் அந்தக் குருவியைப் பார்க்கக் கூடாது. முள்ளுச்செடியின் விதையைத் தின்று வாழும் குருவி அது. சிலுவைப் பாதையில் ஆண்டவரின் நெற்றியில் தைத்த முள்ளைப் பிடுங்க வந்தது. பிடுங்கும்போது தெறித்த ரத்தம் முகத்தில் பட்டு, அன்றிலிருந்து அதன் முகம் சிவப்பு. மடியில் கிடக்கும் குழந்தையின் கையில் அந்தக் குருவியைக் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும்: இந்தப் பிள்ளை தங்காது. தாய்க்கு முன்பாகவே போய்விடும். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பவளுக்கு அதைக் காட்டலாமா? பெற்றெடுத்து, நாற்பது நாள் கழிந்து, பிள்ளையைக் கையில் ஏந்தி வரும்போது காட்டலாம். காட்டித்தான் ஆக வேண்டும். அப்போது பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "இதுக்கா இத்தனை?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

மறைக்கும் வேலை கோயிலை ஒட்டியிருக்கும் அந்த ஒரே வீட்டுக்குச் சொந்தம். மகளுக்கு இல்லை, மருமகளுக்கு. நஸரேனாவுக்கு அவள் மாமியார் கொடுத்தாள். அவளுக்கு அவள் மாமியார். குட்டையான உருவத்துக்குப் பொருந்தாத அகலமான கை இவளுக்கு. பெண் பார்க்க வந்த அன்றே மாமியார்க்காரி முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கல, குருவிக்கு மூடி பாத்தாங்க" என்று நஸரேனா சொல்லும்போது கன்னத்தில் சோம்பு மிட்டாய் ஒன்று இடம் மாறும். அந்த மிட்டாய் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் இல்லை. பூசை நடக்கும்போதுகூட நாக்குக்கு அடியில் ஒன்று இருக்கும். பங்குச் சாமி தோன் ஃபிதேல், காங்கோவிலிருந்து வந்து ஐந்து ஊர்க் கோயிலை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர், அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நற்கருணையை நீட்டுவார். குருவி விஷயத்தையும் அவர் அப்படித்தான் கண்டுகொள்ளாமல் விட்டார். வந்த புதிதில் ஒருமுறை, எங்கள் ஊரிலும் பாட்டன்மார் இப்படிச் சிலது வைத்திருந்தார்கள், அதையெல்லாம் விடச் சொல்லி எங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் உங்கள் ஊர்ச் சாமியார்கள்தான் என்று சொல்லிச் சிரித்தாராம். நஸரேனா சிரிக்கவில்லை. பீடத்துத் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

படத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. கோயிலின் பின்சுவரை ஒட்டி முள்ளுச்செடி மண்டிக் கிடக்கிறது. விதை முற்றும் பருவத்தில் அசல் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். மஞ்சள் கோடு போட்ட இறக்கையை விரித்துக்கொண்டு, பூத்தலையில் தலைகீழாகத் தொங்கும். கோடைதோறும் அவை வருவதற்கு முன்பே நஸரேனா அரிவாளோடு போய்ச் செடிகளை வெட்டிச் சாய்த்துவிடுவாள். முட்டி வீங்கும், உள்ளங்கை முழுக்க முள் ஏறும். மத்தியான வேளையில் காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்து ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருப்பாள். கடைக்காரர் செத்தீமியோவுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"படத்துல இருக்கறத கையால மூடிட்ட. வானத்துல பறக்கறத எதால மூடுவ, நஸரேனா?"

"அதுக்குத்தான் செடிய வெட்டறேன். உன் வாய மூடத்தான் இன்னும் வழி தெரியல."

இதையெல்லாம் நம்புகிறாளா என்றால், அதைத்தான் சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் பிள்ளை சுமந்தபோதும் ஒழுங்காக மூடியதுதான். மாமியார்க்காரி கை நடுங்காமல், விரல் இடுக்கு விடாமல், பெருவிரலை ஒட்டவைத்துப் பொத்தினாள். இவளும் மாதாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். அஸ்ஸுந்தீனா பிறந்தாள், பனிக்காலம் முடியும் முன்பு போய்விட்டாள். அதற்குப் பிறகு எமீதியோ பிறந்தான், சிமென்ட் லாரி ஓட்டுகிறான், கல்லைத் தின்று ஜீரணிக்கிற உடம்பு. இரண்டுக்கும் ஒரே கை, ஒரே மூடல். கல்லறைத் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் போகிறவள், அங்கிருந்து நேராக வந்து இன்னொருத்திக்காகக் கையைச் சூடேற்றிக்கொள்வாள். கேட்டால் தோளைக் குலுக்குவாள். "எத்தனை நாள் தெரியாம இருக்காளோ, அத்தனை நாள் லாபம்."

போன வருஷம் இலையுதிரும் காலத்தில், பூச்சி அரிக்கிறது என்று சொல்லிப் படத்தைக் கழற்றி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். சுவரில் வெளுப்பாக ஒரு கட்டம் மட்டும் மிச்சம். ஊரே ஓய்வு என்று நினைத்தது. நஸரேனா நினைக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். படம் இல்லாவிட்டால் என்ன, மாதா இருந்த இடம் அல்லவா. இவளும் வழக்கம்போல அக்குளிலிருந்து கையை எடுத்து, வெறும் சுவரில் குருவி இருக்க வேண்டிய இடத்தைத் தடவித் தேடிப் பொத்திக்கொண்டு, "ம், வா" என்றாள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி இவள் மருமகள். இலேனியா. பக்கத்து டவுனில் பல் வைத்தியரிடம் உதவிக்கு நிற்கிறாள். வேகமான நடை, வேகமான பேச்சு. முதல் கர்ப்பம் மூன்றாம் மாசத்திலேயே கலைந்திருந்தது. அதனால் இந்த முறை, எதற்கும் இருக்கட்டும் என்று புருஷன் கெஞ்சியதற்காக வந்தாள். வெறும் சுவரைப் பொத்தியபடி நிற்கும் மாமியாரைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை.

"அத்தை, அங்க ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமில்லாம இருக்கட்டும்னுதான் மூடறேன். வாய மூடிட்டு வேண்டிக்க."

இருவரும் சிரித்துவிட்டார்கள். கோயிலுக்குள் நஸரேனா சிரித்ததைப் பார்த்தவர்கள் சொற்பம். சாவியை நாளைக்கு நீதான் வாங்க வேண்டும் என்று இவள் சொல்ல, எலக்ட்ரிக் பூட்டுப் போட்டால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொல்ல, பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். நஸரேனா வீட்டு முற்றத்தில் வெந்நீர் வாளிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து கோழி பிய்த்துக்கொண்டிருந்தாள். மருமகளுக்குச் சாறு வைக்க. எமீதியோ லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் வந்தான். உட்காரவில்லை. ஸ்கேன் எடுத்ததைச் சொன்னான். நகரத்து ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று, அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

"கிட்னி ரெண்டுமே உருவாகலையாம்மா. அதனால நுரையீரலும் வளராதாம். உள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம். வெளிய வந்தா மூச்சு நிக்காதாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவகிட்டத்தான் முதல்ல சொன்னாங்க."

"என்ன சொல்றா?"

"சுமப்பேங்கறா. உள்ள நல்லாத்தானே இருக்கு, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்ங்கறா."

நஸரேனா கோழியை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். கோழியின் மேல் எழுதுகோல் முனை மாதிரி நிற்கும் முளைச்சிறகுகளை அவள் எப்போதும் அடுப்புத் தீயில் வாட்டித்தான் போக்குவாள், அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அன்று ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்கினாள். வாளித் தண்ணீர் ஆறி, கோழியும் ஆறி, தோல் கண்ணாடி மாதிரி ஆகும் வரைக்கும் பிடுங்கினாள். மகன் எப்போது போனான் என்று தெரியாது. தெருமுனையில் என்ஜின் சத்தம் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் சாறு போனது. இலேனியா கதவைத் திறந்து வாங்கிக்கொள்வாள், நன்றி சொல்வாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவாள். ஒருத்திக்குத் தெரியும் என்று மற்றவளுக்குத் தெரியும். ஆனாலும் உப்பு சரியாக இருந்ததா, பனியில் வழுக்குகிறதா என்பதைத் தாண்டி இருவரும் பேசவில்லை. மூடிவைப்பதில் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பழக்கம் உண்டு.

பிப்ரவரி தொடக்கத்தில், மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று படம் திரும்பி வந்தது. முன்னால் கண்ணாடி போட்ட பெட்டிக்குள், ஆணியில் தொங்காமல் இரும்புக் கைகளில் நின்றது. கூடவே லுதோவீக்கா என்ற பெண் வந்திருந்தாள். படத்தைச் சுத்தம் செய்தவள். ஊரில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர், படத்துக்கு வைத்தியம் பார்ப்பதால். துணியை விலக்கியதும் எல்லோரும் முன்னால் நெருங்கினார்கள். யாரும் மாதாவைப் பார்க்கவில்லை. குருவியைத்தான் பார்த்தார்கள்.

அதுவரை அங்கே குருவி என்று ஒன்று இருந்ததே பெயருக்குத்தான். நடுவில் செம்மறி ரோமம் கருகிய மாதிரி ஒரு திட்டு, அதற்குள் செந்நிறமாக ஒரு புள்ளி. இப்போது மண்ணிலிருந்து எழுந்த மாதிரி முழுதாக இருந்தது. வெள்ளைக் கன்னம், கறுப்புத் தலை, இறக்கையில் மஞ்சள் பட்டை, ரத்தம் உலராத மாதிரி முகம். ஒரு காலில் நூல்கூட இருந்தது, நூலின் மறுமுனை பாலனின் விரலில்.

டாக்டரம்மா நன்றாகப் பேசினாள், யாரையும் சின்னவர்களாக்காமல். அந்தக் காலத்துப் பிள்ளைகள் குருவியைக் காலில் நூல் கட்டி விளையாடுவார்கள், அதனால் வரைகிறவர்களுக்கு அது பிள்ளையின் பொம்மை. அதே சமயம் முகத்து ரத்தத்தால் அது ஆண்டவர் பட்ட பாடுகளின் அடையாளம். ஒரே குருவியில் விளையாட்டையும் சாவையும் வைத்துவிடுவார்கள் என்றாள். கொள்ளைநோய் வந்தபோது இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டதாம்: நோயாளியின் படுக்கையில் வந்து உட்காரும் ஒரு பறவை, அவன் முகத்தைப் பார்த்தால் நோயைத் தான் வாங்கிக்கொள்ளும், அவன் பிழைப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய்விடுவான். அந்த வேலையையும் இந்தக் குருவியின் தலையில் கட்டிவிட்டார்களாம். சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் செத்தீமியோ ஆரம்பித்துவிட்டார், இந்தக் குருவி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. பிள்ளையைப் பார்க்கிறது என்று ஒரு கட்சி, இல்லை, நூலைப் பார்க்கிறது என்று ஒரு கட்சி. சாமி மெழுகுதிரிகளை எடுத்துக் கொடுத்து எல்லோர் கையையும் நிறைத்த பிறகே அடங்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நஸரேனா போய் டாக்டரம்மாவின் பக்கத்தில் நின்றாள். குருவியை எங்கிருந்து வரவழைத்தாய் என்பது போலக் கேட்டாள்.

வரவழைக்கவில்லை, அது அங்கேயேதான் இருந்தது என்றாள் டாக்டரம்மா. நாம் நினைத்த மாதிரி வண்ணம் தேயவில்லை. வியர்வை, எண்ணெய்ப் பசை, மெழுகுப் புகை எல்லாம் ஏடு ஏடாகப் படிந்து அதை மூடியிருந்தது. வெளிச்சமே படாததால் உள்ளே புத்தம்புதிதாக இருந்தது.

நஸரேனா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நாங்க இத்தனை காலமா மூடினது எங்க கை அழுக்கையா?"

டாக்டரம்மா, வேறு எதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியதாலோ என்னவோ, மாதாவின் கண்களைக் காட்டினாள். பின்னால் வந்த ஏதோ ஒரு கை அவற்றைத் திருத்தியிருந்ததாம். கண்மணி இரண்டையும் கொஞ்சம் நகர்த்தி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். மேல் வண்ணத்தை எடுத்தபோது பழைய பார்வை வெளியே வந்தது.

"இப்ப எங்க பாக்கறா, பாருங்க."

மாதா குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலேனியா அன்று வரவில்லை. வராதது நல்லது என்று நஸரேனா நினைத்தாள். வரவில்லையே என்று வீட்டுக்கு வந்து தனியாக அழுதாள். மந்திரித்த மெழுகுதிரியை மட்டும் சாற்றுப் பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்ணாடி போட்ட விஷயம், குருவி பளிச்சென்று ஆனது, காலில் நூல், எல்லாவற்றையும் சொன்னாள். கண்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் ஊர் என்ற ஒன்று இருக்கிறதே.

கண்ணாடி வந்ததிலிருந்து வேலை சிரமமாகிவிட்டது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. நேராக நிற்பவளுக்குத்தான் உள்ளங்கை குருவியை மறைக்கும். அரையடி நகர்ந்து நின்றால் விரலுக்குப் பின்னால் செம்முகம் எட்டிப் பார்க்கும். மருந்துக்கடைக்காரரின் மகள் நிறைவயிற்றோடு வந்தபோது, அவள் எந்தப் பக்கம் சாய்கிறாளோ அந்தப் பக்கமெல்லாம் நஸரேனாவின் கையும் கண்ணாடியில் ஊர்ந்தது. கடைசியில் அந்தப் பெண்ணே பரிதாபப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாளாம். செத்தீமியோ அதை அப்படியே நடித்துக் காட்டினார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நஸரேனா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். அன்று முதல் யாரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. ஊருக்கும் இலேனியாவின் விஷயம் எட்டியிருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு பிற்பகல். மலைமேல் பனி உருகாமல் கிடந்தது. நஸரேனா பூச்சாடித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தபோது இலேனியா தானாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த வேகமான நடை இல்லை. வயிறு மாசத்துக்கு ஏற்ற அளவு இல்லை. நஸரேனா சாடியை வைத்த வேகத்தில் தண்ணீர் சிந்தியது. கையைச் சூடேற்ற நேரமில்லை. படியில் ஏறி, ஈரத்தைக் கோட்டில் துடைத்து, கண்ணாடியில் பொத்தினாள்.

இலேனியா நேராக வந்து நின்றாள். இடமும் நகரவில்லை, வலமும் நகரவில்லை.

"கைய எடுங்க அத்தை."

"வேண்டாம்மா. பிள்ளை வந்த பிறகு பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வார்த்தை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இலேனியா கோபப்படவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறகுன்னு ஒண்ணு எனக்கு இல்ல அத்தை. உங்களுக்குத் தெரியும்."

நஸரேனா கையை எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்பதில்லை. கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மூடிய கைக்கு இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு சேதிதான் தெரியும்: கதவு சாத்தும் சத்தம் வரும் வரைக்கும் அசையாதே.

"என்னப் பாக்கறவங்க எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க" என்றாள் இலேனியா. "கடையில, பஸ்ஸுல, எங்க டாக்டர்கூட. வயித்தைப் பாத்துட்டா வேற எங்கயோ பாக்கறாங்க. எமீதியோ தூங்கற மாதிரி நடிக்கறாரு. எல்லாம் தெரிஞ்சும் மடியில வச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்காளாமே. அவ எங்க பாக்கறான்னு நான் பாக்கணும்."

பெஞ்சின் முதுகை விடாமல் நின்றாள்.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, முதலில் சுண்டுவிரல் பிரிந்தது. பிறகு மற்றவை. கண்ணாடியிலிருந்து கை வந்தபோது, அது இருந்த இடத்தில் ஆவிபடிந்து கையின் வடிவம் மட்டும் மிச்சமிருந்தது. குருவி இன்னும் அதற்குப் பின்னால்தான். தூசு, கறை, விரல்தடம் எதைக் கண்டாலும் கோட்டு நுனியால் துடைத்துவிடுகிற நஸரேனா அதைத் துடைக்கவில்லை. கோயிலின் குளிரில் அது தானாகவே சுருங்கியது. விரல்கள் முதலில் மறைந்தன. மஞ்சள் இறக்கை வந்தது, நூல் கட்டிய கால் வந்தது. உள்ளங்கையின் நடுப்பகுதி கடைசி வரை நின்று, பிறகு அதுவும் விலகி, சிவந்த முகம் வந்தது.

இலேனியா மாதாவைப் பார்த்தாள். மாதா பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு அழகா இருக்கும்னு யாரும் சொல்லலையே அத்தை."

"எனக்கே தெரியாதே" என்றாள் நஸரேனா. "நானும் இப்பத்தானே நின்னு பாக்கறேன்."

"கால்ல நூல்னு சொன்னீங்களே, இதுவா?"

"விளையாடக் கட்டினது. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு அவுத்து விட்டுடுவாங்களாம்."

இலேனியா தலையசைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். உள்ளே அது தூங்குகிறதோ என்னவோ, காலையிலிருந்து அசையவில்லை என்றாள்.

நஸரேனா படியிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கையைப் பார்த்தாள். கண்ணாடியின் குளிர் ஏறி, விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அதை எடுத்துக் கோட்டுக்குள் விட்டு, இடது அக்குளில் செருகிக்கொண்டாள். இருவரும் குருவியைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கை நன்றாகச் சூடேறிவிட்டது என்று தெரிந்த பிறகே வெளியே எடுத்து, மருமகளின் வயிற்றின் மேல் வைத்தாள்.